விரால் ஏறாத வீடு

சாவு எந்தத் தெருவில் விழுந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், துலுக்கானம் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று பார்த்தால் போதும். அம்பத்தூரில் அப்படி ஒரு பேச்சு இருந்தது. மேளக்காரனுக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். அவருக்கு அழவும் வராது, சாராயமும் ஆகாது. பந்தலில் ஒரு மூலையாகப் பார்த்துக் குந்திக்கொள்வார். யார் மொட்டை போடுகிறார்கள், யார் கோடித் துணி கொண்டுவருகிறார்கள் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வார்ப்பட ஆலையில் கூட வேலை செய்தவர்கள் அவருக்கு 'எழவூட்டுத் துலுக்கானம்' என்று பேர் வைத்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது.

அவர் பெண்சாதி கன்னியம்மாவுக்கு அந்தப் பேர் காதில் விழுந்தால் உடம்பு எரியும்.

"இன்னாயா பொழப்பு இது, செத்தவன் ஊட்டு வாசல்ல போயி காவல் குந்திகினு?" என்று கேட்பாள்.

அவர் சிரிப்பார். பிறகு, இதற்கு முன் சொல்லாதது போலப் பொறுமையாக மறுபடி சொல்வார். கல்யாண வீட்டில் எவனும் எவனையும் அண்ணன் என்பான், மாமன் என்பான், பந்தி முடிந்தால் மறந்துபோவான். சாவு வீட்டில் அது நடக்காது. செத்தவனுக்குப் பங்காளி என்றால் தீட்டு உண்டு, மொட்டை உண்டு, கோடி போடக் கூடாது. மாமன் மச்சான் என்றால் கோடி போட்டே ஆகவேண்டும், தீட்டு கிடையாது. யார் யாருக்கு என்ன உறவு என்பது பிணத்துக்கு முன்னால் தானாக வெளுத்துவிடும்.

அவர் தேடியது தன்னுடைய பங்காளிகளை.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஓடுகிற கலங்கலுக்குக் கீழே கலங்கல்மேடு என்று ஒரு குடிசைக் கூட்டம் இருந்தது. துலுக்கானத்தின் அப்பன், பாட்டன் எல்லோரும் அங்கே பிறந்து, பண்ணைக்காரர் நிலத்தில் சேறு மிதித்து, அங்கேயே செத்தவர்கள். அறுபதுகளில் எஸ்டேட் வந்தது. பண்ணைக்காரர்கள் நிலத்துக்கு விலை வாங்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போனார்கள். சேறு மிதித்தவர்களுக்கு வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு கோடைக்குள் கலங்கல்மேடு காலியானது. ஆவடிக்குச் சிலர், திருமுல்லைவாயிலுக்குச் சிலர், ரயில் ஏறி எங்கோ போனவர்கள் சிலர். மூட்டை கிழிந்து நெல் சிதறினது மாதிரி. துலுக்கானம் மட்டும் எங்கேயும் போகாமல், தான் களை பறித்த வயல் மேலேயே எழும்பின ஆலையில் மண் அச்சு அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தார்.

அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஆண் பிள்ளையும் இல்லை. ஒரே பெண், பஞ்சவர்ணம். பிள்ளையில்லாதவன் செத்தால் பங்காளி வீட்டுப் பிள்ளைதான் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டும். பங்காளியும் இல்லையென்றால் தெருக்காரன் எவனாவது இரக்கப்பட்டுத் தூக்குவான். அநாதைப் பிணத்துக்கும் அப்படித்தான் நடக்கும். அந்த நினைப்பு அவரைத் தின்றுகொண்டிருந்தது. கன்னியம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும் திட்டுவாள். திட்டாமல் இருந்தால் அவளும் உட்கார்ந்து அழ வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. அது ஆசை.

அவருடைய அப்பன் கோவிந்தனுக்கு ஓர் அண்ணன், வேம்புலி என்று பேர். தன் தாயைக் களத்து மேட்டில் பண்ணைக் காரியஸ்தன் கைநீட்டி அடித்ததைப் பார்த்துவிட்டு, அவன் இடுப்பிலிருந்த சாட்டையைப் பிடுங்கி அவனையே விளாசிவிட்டு, அன்றைக்கே ஏரிக்கரை ஏறிப் போன மனிதர். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ரா சண்டைக்குக் கப்பல் ஏறினார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அதற்கப்புறம் ஆளும் இல்லை, சாவுச் சேதியும் இல்லை. கூலிக்காரக் குடும்பத்தில் கை ஓங்கினவர் அவர் ஒருவர்தான். துலுக்கானம் அந்தப் பெரியப்பாவை விடவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆலையில் உட்கார்ந்து சொல்வார். முதலில் சிப்பாயாக இருந்தவர் நாயக் ஆனார், சுபேதார் ஆனார், மார்பில் பதக்கம் குத்திக்கொண்டார், வெள்ளைக்காரத் துரை எழுந்து நின்று கைகொடுத்தான்.

"அண்ணாத்தே, ஒங்க பெரியப்பா இந்த வாரம் கவர்னர் ஆயிட்டாரா, இல்ல அடுத்த வாரமா?" என்று கேட்பார்கள்.

பெண்ணுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தார். அவள் விரல்களைப் பிடித்து ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தலைமுறை. என் அப்பன் கோவிந்தன், அவன் அப்பன் துலுக்கானம், அவன் அப்பன் வேம்புலி. சுண்டுவிரலுக்கு வரும்போது பேர் தீர்ந்துபோகும். அந்தச் சுண்டுவிரல் பாட்டனைப் பற்றி ஒரு கதைதான் மிச்சம். ஏரி உடைந்த வருஷத்தில் அவருடைய கைக்குழந்தையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாம். விடிந்து தேடினால், கலங்கல் சேற்றில் குழந்தை உயிரோடு கிடக்கிறது. பக்கத்திலே தொடைப் பருமன் விரால் ஒன்று, தன் குஞ்சுக் கூட்டத்தைக் காக்கிற மாதிரி வாலை வளைத்துக் கிடக்கிறது. அன்றிலிருந்து அந்த வம்சத்தில் விரால் மீன் வீட்டு வாசல் ஏறாது.

கன்னியம்மா மாங்காட்டுப் பெண். அவள் பிறந்த வீட்டில் விரால் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். தாலி ஏறின நாளோடு அந்த ருசி போயிற்று. மீன்காரி கூடையை இறக்கும்போதெல்லாம் விராலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கெண்டை வாங்கிக்கொண்டு வருவாள். "ஒங்க பாட்டனை மீனு காப்பாத்துச்சு. நான் இன்னாயா பாவம் பண்ணேன்?" என்பாள்.

எழுபதாம் வருஷம் பஞ்சவர்ணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயசு. மாப்பிள்ளை தானாகவே வந்தான். இக்னேஷியஸ் என்ற பையன், அதே ஆலையில் ஃபிட்டர். பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறி வருவான். துலுக்கானத்தின் பெரியப்பா கதையைச் சிரிக்காமல் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த பஞ்சவர்ணத்தை வாசல் கேட்டில் பார்த்தான். அப்புறம் அவள் தூக்குச்சட்டி கொண்டுவராத நாளில் அவன் முகம் தொங்கிப்போனதை ஆலையே பார்த்தது.

தெருவில் புகைந்தது. வேதக்காரப் பையனுக்கா பெண் கொடுக்கிறாய், பெண்ணை ஞானஸ்நானம் வாங்கச் சொல்வார்களே, நம்ம அம்மனை விட்டுவிடுவாளா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். துலுக்கானம் அசையவில்லை. பையனுக்குத் தாய் தகப்பன் இல்லை, தாத்தா ராயப்பனும் செத்துப்போனார், பாட்டி ஞானம்மாள்தான் வளர்த்தாள். தாத்தாவுக்குச் சொந்தம் பந்தம் என்று ஒருவரும் கிடையாது, தன்னை அநாதை என்றே சொல்லிக்கொள்வாராம். இதையெல்லாம் தோண்டித் தோண்டி விசாரித்துவிட்டு, வீட்டு வாசலில் நின்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சாமி மாறலாம். வகையறா மாறக் கூடாது, மொற தப்பக் கூடாது. சொந்தமே இல்லாத எடத்துல மொற எங்க தப்பப் போவுது?"

பரிசம் போட்டார்கள். இக்னேஷியஸ் அவரை 'அண்ணாத்தே' என்று கூப்பிடுவதை விட்டு 'மாமா' என்று கூப்பிட்டான். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டதைக் கன்னியம்மா பார்த்தாள். சாவு வீடுகளுக்குப் போவது கூடக் குறைந்தது. அந்தச் சில மாசம்தான் அவள் வாழ்க்கையில் நல்ல காலம். இன்றைக்கும் கேட்டால் அதைத்தான் சொல்வாள்.

மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், அதற்கு நாள் குறிக்க வாருங்கள் என்று ஞானம்மாள் சொல்லியனுப்பினாள். துலுக்கானமும் கன்னியம்மாவும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பூந்தமல்லி போனார்கள். கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. ஞானம்மாள் நெட்டையான கிழவி. கண் பாதி புகைந்திருந்தாலும் முதுகு வளையவில்லை. வேதத்துக்காரிதான், ஆனாலும் புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்பிள்ளை. சாமியார் கேட்டால்கூட, "கல்லற சிலுவையில எழுதிக் கீது, பாத்துக்குங்க" என்பாளாம். துலுக்கானம் அவளை வாய் நிறைய 'அத்தே' என்று கூப்பிட்டார். மாப்பிள்ளையின் பாட்டி அவருக்கு அத்தை முறைதானே.

இக்னேஷியஸ் வந்தவர்களுக்குக் கலர் சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அந்த நேரம் பக்கத்து வீட்டு எல்லம்மா தண்ணீர்ப் பானை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செம்பரம்பாக்கத்தில் பிடித்த விரால், உயிரோடு. சம்பந்தி வந்திருக்கிறார்கள் என்று தன் பங்குக்குக் கொண்டுவந்தாள்.

"எல்லம்மா, அத்த அப்டியே வாசலோட எடுத்துகினு போயிடு," என்றாள் ஞானம்மாள். "எங்க ஊட்ல விரால் ஏறாது."

"சம்பந்திங்க வந்துகீறாங்க. இன்னிக்குக் கூடவா ஆயா?"

"என்னிக்கும் ஏறாது. அவரு இருந்தா பானையத் தூக்கி ஒடச்சிருப்பாரு. ஏரித் தண்ணியில போன கொழந்தைய விரால் காவல் காத்த வம்சமாம். இன்னா கதையோ. வேதத்துல சேந்தப்பறமும் அவரு அத்த மட்டும் உடல."

முதலில் புரிந்தது கன்னியம்மாவுக்குத்தான். இதை அவள் இன்றைக்கும் சொல்லி மாரில் அடித்துக்கொள்வாள். இருபது வருஷமாக விராலுக்கு ஏங்கினவள் அல்லவா, அந்த மீன் எந்த வாசலில் ஏறாது என்று அவளுக்குத் தெரியாதா. அவள் மனசு விரல் விட்டு எண்ணியது. இந்தக் கிழவி பெரிய மாமியார். இவள் மகன் மச்சாண்டார். அவர் பெற்ற இக்னேஷியஸ்... பக்கத்திலிருந்தவரின் விலாவில் கிள்ளினாள். பேசாமல் இருந்துவிட்டால் போதும். ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய் மண்ணைப் போட்டு மூடிவிடலாம்.

துலுக்கானம் எழுந்து நின்றுவிட்டார்.

"அவரு பஸ்ராவுக்குப் போனவரா?"

"ஆமா. பட்டாளத்துல கழுதைங்களுக்குப் புல்லு போட்டவரு. பேரங்கிட்டகூட அத்த சொன்னதில்ல. ஒனக்கு எப்டித் தெரியும்?"

சுபேதாரும் இல்லை, பதக்கமும் இல்லை. கழுதைக்குப் புல் போட்டவர். துலுக்கானத்துக்கு அது காதில் ஏறவே இல்லை. மரம் சாய்கிற மாதிரி அந்தக் கிழவியின் காலில் விழுந்தார். இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டார்.

"பெரிம்மா. நான் கோவிந்தன் புள்ள, பெரிம்மா."

வாழ்க்கை முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை. கூப்பிடுவதற்கு ஆள் கிடைக்காமல் நெஞ்சில் கிடந்த வார்த்தை. இத்தனை நேரம் அத்தே என்ற வாய், பெரிம்மா என்று சொல்லிவிட்டது.

ஞானம்மாள் அவர் தலையைத் தடவினாள். அழுதாள். "அவரு வருஷா வருஷம் மழைக்காலத்துல எங்கியோ நடந்து பூட்டு வருவாரு. ஏரி ரொம்பிகிச்சா பாத்துட்டு வந்தேன்னுவாரு. எந்த ஏரின்னு சொன்னதில்ல," என்றாள். பாதி அழுகையிலே அவள் கை நின்றது. அவளும் எண்ணிப் பார்த்துவிட்டாள்.

வாயைத் திறந்து சொன்னது எல்லம்மா.

"அப்போ பொண்ணுக்குப் புள்ள அண்ணன் மொற இல்ல ஆவுது?"

பானைக்குள் விரால் வாலை அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் இக்னேஷியஸ், இரண்டு கையிலும் கலர் பாட்டிலோடு நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

பஸ்ஸில் வரும்போது துலுக்கானம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கண்ணில் சந்தோஷம், மறு கண்ணில் என்ன செய்துவிட்டோம் என்ற கிலி. திருவேற்காடு தாண்டினபோது அவர் மெதுவாகக் கேட்டார், நீ ஏன் என்னைக் கிள்ளினாய் என்று. கன்னியம்மா வீடு வந்து சேர்ந்து, கதவைச் சாத்தின பிறகுதான் சொன்னாள்.

"அந்த மீனுக்கு கீற புத்தி ஒனக்கு இல்லியேயா. அது தன் குஞ்ச காப்பாத்துச்சு."

மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆலையில் அவரைக் கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அது கேலியை விட மோசமாக இருந்தது.

இக்னேஷியஸ் முதலில் திமிறினான். இரண்டு பாட்டன்மார் காலத்தில் பிரிந்த உறவு, இதெல்லாம் ஒரு தடையா, சாமியாரிடம் சொன்னால் மேலிடத்தில் அனுமதி வாங்கித் தருவார் என்றான். சாமியாரும் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் சொன்னாராம். ஞானம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். கோயில் அனுமதி கொடுக்கும், கல்லறையில் படுத்திருக்கிறவர் கொடுப்பாரா என்று.

பஞ்சவர்ணம் அழவில்லை. அப்பன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, நீ தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"விரால் துண்ணாதவங்க இந்த ஊர்ல எத்தினியோ பேரு. பஸ்ராவுக்குப் போனவங்க எத்தினியோ பேரு. பெரியப்பா கெடைக்க மாட்டாரான்னு கீற ஏக்கத்துல ஒளறிட்டேன்னு சொல்லு. ஒன்னியத் தவிர அதுக்கு வேற சாட்சி கெடையாது. நீ இல்லன்னா, இல்ல."

"நம்ம பெரியப்பாடா கண்ணு," என்றார் அவர். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"நான் யாரு நைனா ஒனக்கு?"

அதற்குப் பிறகு அவர் சோறு எடுக்கவில்லை. ஆலைக்குப் போனார், வந்தார், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு சனிக்கிழமை கையில் ஓர் ஓலைப்பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே விரால். கன்னியம்மா அவரைப் பார்த்தாள். அவர் பெட்டியை வாசலுக்கு வெளியிலேயே வைத்தார்.

அவள் தெருவோரத்தில் மூன்று கல் வைத்து, புதுச் சட்டியில் குழம்பு வைத்தாள். தாய் வீட்டில் வைத்த அதே பக்குவம் கைக்குத் தானாக வந்தது. புளி கொதித்து மீன் வெந்த வாசனை எழும்பியபோது அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஊறின எச்சிலுக்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மறுநாள் சட்டியைத் துணியில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பூந்தமல்லி போனார்கள். பூசை முடிந்து வந்த ஞானம்மாளை வாசலில் உட்காரவைத்தார் துலுக்கானம். எல்லம்மாவையும் கூப்பிட்டார். அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லோரும் இன்றைக்கும் கேட்கட்டும் என்று. வாழையிலையில் சோற்றைப் போட்டு, விரால் துண்டை வைத்தார்.

"பெருமைக்குச் சொல்லிட்டேன் அத்தே. அன்னிக்கு நீங்க சொன்னீங்க, அதையே நான் புடிச்சிகினேன். எனக்குப் பெரியப்பாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தோ பாருங்க. எங்க ஊட்ல இத்த துண்ணுவோம்."

பிட்டு வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். இன்னொரு பிட்டு. கன்னியம்மா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்க அத்தனை நேரம் பிடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கி இலையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஞானம்மாள் புகைந்த கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள்.

"முள்ளு குத்திச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல அத்தே. காரம்."

கிழவி அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அவரும் அழுதா காரம்னுதான் சொல்லுவாரு," என்றாள். "இந்த மொகத்தோட நான் குடித்தனம் பண்ணிகீறேன் நைனா. எனுக்கா தெரியாது." இலையை அவர் முன்னாலிருந்து இழுத்துச் சுருட்டினாள். "சாமி மாறலாம், வகையறா மாறக் கூடாதுன்னு நீதான சொன்ன. எழுந்து கை கழுவு."

அதற்குமேல் யாரிடம் போக. இக்னேஷியஸ் ஒருநாள் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் பஞ்சவர்ணத்துக்காகக் காத்திருந்தானாம். அவள் போய் நின்றாள். அவன் கூப்பிட்டிருந்தால் கட்டின சேலையோடு கிளம்பியிருப்பாள். இது அவளே பின்னாளில் தாயிடம் சொன்னது. அவன் கூப்பிடவில்லை. ஒரு பஸ்ஸைப் போகவிட்டு, "யார் இன்னா சொன்னாலும் பரவால்ல பஞ்சவர்ணம். அந்த வார்த்தை எனக்குள்ள பூந்துகிச்சு. ஒன் மொகத்த முன்ன மாதிரி பாக்க முடில," என்று சொன்னான். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். ஆலையிலிருந்தும் கணக்கு முடித்துக்கொண்டான். இரண்டு வருஷம் கழித்துத் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டினான் என்று சேதி வந்தது.

பஞ்சவர்ணத்துக்கு வேறு இடம் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்தார்கள். அண்ணனோடு பரிசம் போட்ட பெண் என்று அதற்குள் அது திரிந்துபோயிருந்தது. கொஞ்ச காலத்தில் அவளே போதும் என்றுவிட்டாள். மாத்திரைக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிற கம்பெனியில் வேலைக்குப் போனாள். காலையில் போவாள், பொழுது சாய வருவாள். அப்பனுக்குச் சோறு போடுவாள், வெந்நீர் வைப்பாள், துணி துவைப்பாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. நைனா என்று மட்டும் கூப்பிடுவதில்லை. "அவருக்குச் சோறு போடு," "அவரு மாத்திரை துண்ணாரா," அவ்வளவுதான். பேர் சொல்லாமல் 'அவரு' என்பது கன்னியம்மாவின் பேச்சு. இப்போது மகள் வாயிலும் அதே.

துலுக்கானம் சாவு வீடுகளுக்குப் போவதை அடியோடு விட்டார். மேளச் சத்தம் கேட்டால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். பெரியப்பா பேச்சை எடுப்பதில்லை. யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார். ஞானம்மாள் கண் மூடினபோது சேதி வந்தது. பெரியம்மா செத்தால் தீட்டு உண்டு, மொட்டை உண்டு. அவர் போகவில்லை. போனால் மறுபடியும் அதைச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றார். ஆனால் அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் தலை முழுகினதைக் கன்னியம்மா பார்த்தாள்.

நெஞ்சில் ஆலை மண் சேர்ந்து இருமலாகி, இருமல் ரத்தமாகி, எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில் அவர் செத்தார். விரால் தின்ற வாய் என்று ஒரு பேச்சு தெருவில் கிளம்பியது. கன்னியம்மா காதில் வாங்கவில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிற சத்தம் வீடுவரை கேட்டது. சாவதற்கு முந்தின நாள் அவள் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்.

"அவனுக்குச் சொல்லியனுப்பாத. தெருவுல எவனாச்சும் தூக்கட்டும்."

பந்தல் போட்டாயிற்று. குழி தோண்ட ஆள் போயாயிற்று. கொள்ளிச்சட்டி யார் தூக்குவது என்று வெட்டியான் வாசலில் நின்று கேட்டான். தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கன்னியம்மா வாயைத் திறப்பதற்குள், பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் சொன்னாள்.

"பங்காளி ஒருத்தரு கீறாரு. பூந்தமல்லியில. ஆள் போயி இட்டாரட்டும்."

"வாணாம்னு சொல்லிட்டாருமே," என்றாள் கன்னியம்மா.

"அதுக்குத்தானம்மா அவரு ஊரெல்லாம் தேடுனாரு. தேடுனது கெடச்சுச்சு இல்ல? தூக்கட்டும்."

இக்னேஷியஸ் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. மீசை வைத்திருந்தான். கையில் காகிதத்தில் சுற்றின கோடித் துணி. பந்தலுக்குள் நுழைந்தவன் யாரையும் பார்க்காமல் நேராகப் பிணத்திடம் போய் நின்றான். பஞ்சவர்ணம் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள்.

வெட்டியான் வயசாளி. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவன், அவனுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது. முறையாகக் கேட்டான்.

"செத்தவருக்கு நீ இன்னா வேணும்பா?"

மேளம் அடிக்கிறவர்கள் கூட நிறுத்தியிருந்தார்கள். இக்னேஷியஸ் கையிலிருந்த துணியைப் பார்த்தான். சுவரோரம் ஒரு தடவை கண் போய் வந்தது. கன்னியம்மா அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அண்ணன் புள்ள," என்றான்.

"அப்போ பங்காளி. பங்காளி இன்னாத்துக்குக் கோடி கொண்டாந்த? அது மாமன் மச்சான் போடறது. அந்தாண்ட வெச்சிட்டு, சட்டியப் புடி."

அவன் துணியைக் கீழே வைத்தான். சட்டையைக் கழற்றினான். ஈரத் தலையோடு குந்தி மொட்டைக்குத் தலை கொடுத்தான். பிறகு கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டான். போகும்போது கன்னியம்மாவின் முன்னால் நின்று, "போய்ட்டு வரேன் சின்னம்மா," என்றான். அவன் வாயால் அத்தே என்று கேட்டுப் பழகின காது அவளுடையது.

பிணம் கிளம்பியது. பெண்கள் தெருமுனைவரைதான் போக வேண்டும். போய் நின்று, புகை கிளம்புகிற சட்டியோடு முன்னால் நடக்கிற மொட்டைத் தலை வளைவு திரும்புகிற வரை பார்த்தார்கள். துலுக்கானத்துக்கு அவர் ஆசைப்பட்ட மாதிரியே நடந்தது. பங்காளி பிள்ளை தூக்க, அநாதையாக இல்லாமல் போனார்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பந்தலில் பெஞ்சியின் கீழே அந்தக் கோடித் துணி கிடந்தது. சுற்றியிருந்த காகிதம் நனைந்து கிழிந்து, துணியில் சேறு பட்டிருந்தது. தீட்டு வீட்டில் யார் எடுப்பது என்று பெண்கள் தயங்கினார்கள். பஞ்சவர்ணம் குனிந்து எடுத்தாள். சேற்றை உதறினாள். தலைக்கு ஊற்ற நிரப்பி வைத்திருந்த தண்ணீரில் அதை நனைத்து, அழுக்குப் போகும்வரை கசக்கிப் பிழிந்து, கொடியில் காயப்போட்டாள். துணி காய விடுகிற மழையாக அது இல்லை.